அரசு விதிகளும் சிறு தொழில்களும்: சுமை எங்கே இருக்கிறது?

அரசு விதிகள் சிறு தொழில்களுக்கு ஏன் சுமையாகின்றன, அதற்கு என்ன செய்யலாம் என்ற கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது சிறு தொழில் நடத்துபவருக்கு மட்டும் அது எப்படிக் கூடுதல் சுமையாகும் என்பது ஒன்று. அந்த விதிகளை எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்பது மற்றொன்று. சுமை உண்மையானது, கணக்கிட்டுக் காட்டக்கூடியது என்பது முதல் பகுதிக்கு என் பதில். இரண்டாவதற்கு, பெரும்பாலும் தீராது என்றே சொல்வேன். ஒரு விதி நம்மிடம் கேட்கும் நடத்தை வேறு, அந்த நடத்தைக்கு அது கேட்கும் சான்று வேறு. சிறு தொழில்களை அழுத்துவது பெரும்பாலும் சான்றுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், ஒரு தரப்பு எல்லா விதிகளையும் திட்டுகிறது, மறு தரப்பு எல்லா விதிகளையும் காக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் மாதத்துக்கு ஆளுக்கு 200 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,000 மணி நேர உழைப்பு இருக்கிறது. ஐந்நூறு பேர் கொண்ட நிறுவனத்தில் அது 1,00,000 மணி நேரம். மாதம் ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டிய ஓர் அறிக்கைக்குப் பட்டறையில் 6 மணி நேரம் பிடிக்கிறது என்போம். பெரிய நிறுவனத்தில் தகவல்கள் அதிகம் என்பதால் அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 60 மணி நேரம் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பட்டறை தன் உழைப்பில் 0.6 சதவீதத்தையும், பெரிய நிறுவனம் 0.06 சதவீதத்தையும் இதற்குக் கொடுக்கின்றன. இது எடுத்துக்காட்டுக்காக நான் போட்ட கணக்குதான் என்றாலும், விதிகளுக்கு உட்படுவதற்கான செலவில் பெரும்பகுதி நிலையான செலவு, அது தொழிலின் அளவோடு சேர்ந்து குறைவதில்லை என்பதை இது காட்டுகிறது. ஒரே ஒரு அறிக்கையானால் 0.6 சதவீதம் பெரிதாகத் தெரியாது. வரி, தொழிலாளர் காப்பீடு, தீயணைப்புச் சான்று, எடை அளவு முத்திரை, கழிவு அகற்றல், உள்ளாட்சி உரிமம் என்று வெவ்வேறு அலுவலகங்கள் ஒன்றையொன்று கலந்துகொள்ளாமல் ஆளுக்கொன்று கேட்கும்போதுதான் அது பெரிதாகிறது. ஒவ்வொரு அலுவலகமும் தன் படிவம் சிறியது என்றே நம்புகிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் அது சரியும்கூட.

மேலே சொன்ன ஆறு மணி நேரம் யாருடையது என்பது அதைவிட முக்கியம். பெரிய நிறுவனத்தில் அதற்கென்று ஆள் இருக்கிறார், அவர் படிவத்தை நிரப்பும்போது உற்பத்தி நின்றுவிடுவதில்லை. பட்டறையில் சரக்கு வாங்குபவரும், விலை பேசுபவரும், இயந்திரம் நின்றால் கழற்றிப் பார்ப்பவரும், சம்பளம் போடுபவரும் ஒருவரே. தொழிலாளர்கள் வீட்டுக்குப் போன பிறகு அவர் கணினி முன் உட்கார்கிறார். தன் பொருள் இரண்டு வகைப்பாடுகளில் எதில் சேரும் என்பது தெளிவாக இல்லை, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கேற்ப வேறு வரி விகிதம், வேறு இணைப்புக் காகிதம். ஆடிட்டரிடம் கேட்டால் அவர் தாக்கல் செய்து கொடுப்பார், ஆனால் வாங்கிய சரக்குக்கான பில் எந்தத் தேதியில் வந்தது, திருப்பி அனுப்பியது எவ்வளவு என்பதெல்லாம் உரிமையாளருக்குத்தான் தெரியும். சரக்கு கொடுத்தவர் பில் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் பதிந்திருந்தால், இரண்டு பேருடைய கணக்கும் பொருந்தவில்லை என்று சில மாதங்கள் கழித்து நோட்டீஸ் வரும். எந்தப் பிரிவின் கீழ் விளக்கம் கேட்கப்படுகிறது என்று அதில் இருக்கும், எந்தக் காகிதத்தைக் கொடுத்தால் விஷயம் முடியும் என்பது இருக்காது. அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவர் அலையும் நாள் அரசின் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை.

இதில் இன்னொரு செலவும் அடங்கியிருக்கிறது. தான் எல்லா விதிகளுக்கும் உட்பட்டுத்தான் நடக்கிறோமா என்பதே சிறு தொழில் நடத்துபவருக்கு உறுதியாகத் தெரியாது. இந்த உறுதியின்மை இருக்கும் இடத்தில்தான் ஆய்வாளரின் விருப்புரிமைக்கு விலை கூடுகிறது. ‘ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும்’ என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால், பேச்சு விதியைப் பற்றியதாக இல்லாமல் வேறு எதைப் பற்றியதாகவோ மாறிவிடுகிறது.

விதி கேட்கும் நடத்தைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகக் காட்டும் நிகழ்வு அமெரிக்காவின் பொம்மைச் சட்டம். 2007இல் மாட்டெல் உள்ளிட்ட பெரிய பொம்மை நிறுவனங்கள், வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட பொம்மைகளின் வண்ணப்பூச்சில் ஈயம் இருந்ததால் அவற்றைப் பெருமளவில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது, ஆகவே கோபம் நியாயமானது. 2008 ஆகஸ்டில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் வந்தது. குழந்தைகளுக்கான பொருள்களில் ஈயத்தின் அளவுக்குக் கடுமையான வரம்பு விதித்ததோடு, அந்த வரம்புக்குள் பொருள் இருக்கிறது என்பதை வெளி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்றும் அது சொன்னது.

சோதனைக் கட்டணம் பொம்மையின் எண்ணிக்கைக்கு அல்ல, வகைக்கு. ஒரே அச்சில் லட்சம் பொம்மை வார்க்கும் தொழிற்சாலை ஒரு வகையைச் சோதித்தால் போதும், செலவு லட்சத்தால் வகுபட்டு மறைந்துவிடும். மரத்தைக் கடைந்து இருபது வகைப் பொம்மைகளை, வகைக்கு முப்பது நாற்பது என்று செய்பவர் இருபது வகைகளையும் சோதிக்க வேண்டும். வண்ணம் மாறினால் அந்த வண்ணத்துக்கும் சோதனை. சோதனைக்குக் கொடுத்த பொம்மை பெரும்பாலும் சுரண்டப்பட்டு, கரைக்கப்பட்டு அழிந்துபோகும் என்பதால் விற்க வேண்டிய சரக்கிலும் ஒரு பகுதி போய்விடும். பல வகைகளைச் சிறு அளவில் செய்வது சிறு தொழிலின் பலம், சட்டம் அந்தப் பலத்தின் மீதே செலவை ஏற்றியது. இதற்கிடையில், சோதனை முடிவில் நிர்வாகம் தலையிடாதபடி தகுந்த தடுப்பு ஏற்பாடுகள் இருந்தால் ஒரு நிறுவனம் தன் சொந்த ஆய்வகத்திலேயே சோதித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருந்தது. சொந்த ஆய்வகம் வைத்துக்கொள்ளக் கூடியவர் யார்? 2009இல் அந்த அனுமதியைப் பெற்றவற்றில் மாட்டெலின் ஆய்வகங்களும் இருந்தன. சட்டம் வரக் காரணமானவர்களில் ஒருவருக்கு அதன் செலவைக் குறைத்துக்கொள்ள வழி கிடைத்தது, ஈயம் கலக்கவே வழியில்லாத வெறும் மரத்தில் பொம்மை செய்தவர் தொழிலை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது, எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். ஈய வரம்பு தளர்த்தப்படவில்லை, பிறகு இன்னும் இறுக்கப்பட்டது. மாறியது சான்று. பதப்படுத்தாத மரம், பருத்தி போன்ற பொருள்கள் இயல்பாகவே வரம்புக்குள் இருப்பவை என்று 2009இல் அறிவித்து, அவற்றுக்கு ஈயச் சோதனை தேவையில்லை என்று ஒழுங்குமுறை ஆணையம் விலக்களித்தது. 2011 ஆகஸ்டில் வந்த திருத்தம் சிறு அளவில் உற்பத்தி செய்பவர் என்ற வகையை உருவாக்கியது. அப்போதைய வரம்பின்படி ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குள் இருந்து, ஒரு பொருளை 7,500க்கு மேல் செய்யாதவர்கள் பதிவு செய்துகொண்டால் பல சோதனைகளை வெளி ஆய்வகத்தில் செய்யத் தேவையில்லை என்றானது. அதே நேரத்தில் வண்ணப்பூச்சில் ஈயம், குழந்தை விழுங்கக்கூடிய சிறு பாகங்கள், தொட்டில், சூப்பான் போன்ற ஆபத்து மிகுந்தவற்றுக்கு அவர்களுக்கும் சோதனை கட்டாயமாகவே இருந்தது. குழந்தைக்கான பாதுகாப்பைக் குறைக்காமல் சிறு தொழில் நடத்துபவரின் சுமையைக் குறைக்க முடியும் என்பதற்கு இது போதுமான சான்று. மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது என்பதுதான் குறை. சட்டம் எழுதும்போதே இதைச் செய்திருக்கலாம்.

சிறியவர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டால் போதாதா என்று உடனே கேட்கத் தோன்றும். விலக்கு ஓர் எண்ணில் போய் நிற்கும், அந்த எண்ணுக்கு மேலே ஒரு செங்குத்துப் படி உருவாகிவிடும். பிரான்சில் நிறுவனத்தின் பணியாளர் எண்ணிக்கை 50ஐத் தொட்டால் லாபப் பங்கீடு உள்ளிட்ட பல கடமைகள் ஒன்றாக வந்து சேரும். அந்நாட்டு நிறுவனங்களை அளவுவாரியாக வரிசைப்படுத்திய பொருளியலாளர்கள், 49க்கு அருகில் நிறுவனங்கள் கூட்டமாக நிற்பதையும், 50க்கு அப்பால் எண்ணிக்கை திடீரெனச் சரிவதையும் கண்டார்கள். ஐம்பதாவது ஆளுக்கு வேலை இருக்கிறது, ஆனால் அவரைச் சேர்த்தால் சேரும் செலவு அவருடைய சம்பளம் மட்டும் அல்ல. 2019இல் இயற்றிய சட்டத்தின் மூலம் பிரான்ஸ் இதை மென்மையாக்கியது, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் எல்லையைத் தாண்டியிருந்தால்தான் பல கடமைகள் தொடங்கும். பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய விற்றுமுதல் எல்லை 2017 முதல் 85,000 பவுண்டாகவும் 2024 ஏப்ரலிலிருந்து 90,000 பவுண்டாகவும் இருக்கிறது. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயும் இதே போன்ற கூட்டம் உண்டு. எல்லையை நெருங்கும்போது வேலையைக் குறைத்துக்கொள்வது சோம்பலால் அல்ல, அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

விலக்கு என்ற பெயரில் ஒன்றுமே தராத விதிகளும் இருக்கின்றன. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில், 250க்கும் குறைவான பணியாளர்கள் உள்ள அமைப்புகள் தரவுக் கையாளல் பதிவேடு வைக்கத் தேவையில்லை என்று 30ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த வரியிலேயே, கையாளல் எப்போதாவது நடப்பதாக இல்லாவிட்டால் விலக்கு பொருந்தாது என்கிறது. மாதாமாதம் சம்பளம் போடுவது எப்போதாவது நடப்பதா? ஆக, சம்பளப் பட்டியலில் ஓர் ஆள் இருந்தாலே விலக்கு பறந்துவிடுகிறது. அறிவிப்பில் படித்து மகிழ மட்டும் உதவிய விலக்கு அது.

தொழிலைப் பதிவு செய்வதை எளிதாக்கினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1983இல் பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் பொருளியலாளர் ஹெர்னாண்டோ தெ சோத்தோவின் ஆய்வுக்குழு, ஒரு சிறிய தையலகத்தைச் சட்டப்படி பதிவு செய்ய என்னவெல்லாம் ஆகும் என்று செய்தே பார்த்தது. 289 நாள்கள் பிடித்தன, பத்து முறை லஞ்சம் கேட்கப்பட்டது, அதில் இரண்டு முறை கொடுத்தால்தான் மேலே நகர முடியும் என்ற நிலை இருந்தது. இந்த 289 என்ற எண் உலகம் முழுக்கச் சுற்றி வந்தது. உலக வங்கி நாடுகளைத் தொழில் தொடங்கும் எளிமையின்படி வரிசைப்படுத்தத் தொடங்கியதற்குப் பின்னாலும் இந்தச் சிந்தனையின் பங்கு உண்டு. தரவுகளில் முறைகேடு கண்டறியப்பட்டு 2021இல் அந்த வரிசையை வங்கியே நிறுத்திவிட்டது என்பது வேறு கதை.

பதிவை எளிதாக்கிய நாடுகளில் நடந்ததைப் பார்த்தால் படம் கலவையாக இருக்கிறது. போர்ச்சுகல் 2005இல் ஒரே மேசையில் ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் தொடங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. புதிய நிறுவனங்கள் கூடின, ஆனால் அப்படிக் கூடுதலாக வந்தவை பெரும்பாலும் மிகச் சிறியவை, நீடித்து நிற்கும் வாய்ப்புக் குறைந்தவை என்று அதை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். இலங்கையில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. பதிவு செய்யாத சிறு தொழில் நடத்துபவர்களுக்குப் பதிவு முறையை விளக்கி, கட்டணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னபோது ஏறத்தாழ யாரும் அசையவில்லை. அதற்கு மேல் அரை மாத லாபத்திலிருந்து ஒரு மாத லாபம் வரை பணமாகத் தருவதாகச் சொன்னபோது ஐந்தில் ஒருவர் பதிவு செய்தார், இரண்டு மாத லாபத்துக்கு நிகரான தொகைக்குப் பாதிப் பேர் செய்தார்கள். செய்யாதவர்கள் அதிகமாகச் சொன்ன காரணம், தொழில் நடக்கும் இடத்துக்கான உரிமைப் பத்திரத்தில் சிக்கல். கட்டணத்தையும் நாள்களையும் குறைத்துக்கொண்டிருந்தவர்கள் தொடாத இடத்தில், ஒரே ஓர் இணைப்புக் காகிதத்தில், கதவு அடைபட்டிருந்தது.

சுமையை முறையாக அளக்க முயன்ற முதல் நாடுகளில் நெதர்லாந்து ஒன்று. ஒவ்வொரு தகவல் கடமைக்கும் ஆகும் நேரம், அந்த நேரத்தின் விலை, ஆண்டில் எத்தனை முறை, எத்தனை நிறுவனங்கள் என்று பெருக்கி மொத்தச் செலவைக் கண்டு, அதில் கால் பங்கைக் குறைப்பது என்று இலக்கு வைத்தார்கள். 2007இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதே முறையையும் 2012க்குள் 25 சதவீதம் என்ற அதே அளவு இலக்கையும் எடுத்துக்கொண்டது. கணக்கில் குறைந்தது தொழில் நடத்துபவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்ற புகார் நெதர்லாந்திலேயே எழுந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. படிவத்தை நிரப்பும் நேரத்தை அளக்கலாம், எந்தப் படிவம் என்று தேடும் நேரத்தையும் தவறாகிவிடுமோ என்ற கவலையையும் அந்தச் சூத்திரம் பிடிக்காது. யாரும் பயன்படுத்தாத பத்துப் படிவங்களை ஒழித்தால் எண்ணிக்கை அழகாக இறங்கும், தினமும் தொல்லை தரும் ஒன்று அப்படியே இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு தொழில் என்பதாலேயே ஆபத்தும் சிறியதாகிவிடாது. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் பிடிக்கும் தீ ஐந்து பேரையும் கொல்லும், கரைப்பான் ஆவி பெரிய ஆலைத் தொழிலாளியின் நுரையீரலைப் போலவே சிறு பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலையும் அரிக்கும். அதோடு, சில விதிகள் சிறியவர்களுக்கு அரணாகவே இருக்கின்றன. சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் பெரிய நிறுவனத்திடம் சிறியவர் தனியாக வாதாட முடியாது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் குறு, சிறு தொழில்களிடம் வாங்குபவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் கூட்டு வட்டி தர வேண்டும் என்கிறது. ‘விதிகளைக் குறையுங்கள்’ என்று மொத்தமாக முழங்குபவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று கேட்டால் பதில் வராது. விதிக்கு ஒழுங்காக உட்படும் சிறு தொழில்காரருக்குப் பெரிய நிறுவனத்தைவிடப் பக்கத்தில் எதற்கும் உட்படாமல் மலிவாக விற்பவர்தான் நேரடிப் போட்டி என்பதையும் மறக்கக் கூடாது. அமலாக்கம் அரைகுறையாக இருக்கும் இடத்தில் விதி என்பது நேர்மையானவர் மட்டும் கட்டும் வரியாகிவிடுகிறது.

அப்படியானால் எது பயனளிக்கிறது? அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகம் செய்திருக்கும் ஓர் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. பத்து அல்லது அதற்கும் குறைவான பணியாளர்கள் உள்ள இடங்களுக்குக் காயப் பதிவேடு வைப்பதிலிருந்து பொதுவாக விலக்கு உண்டு, பாதுகாப்புக் கடமையிலிருந்து விலக்கு இல்லை. பணியிட விபத்தில் ஒருவர் இறந்தால் எட்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அளவு பாராமல் எல்லோருக்கும் பொது. அத்துடன், சிறு தொழில்கள் கேட்டுக்கொண்டால் வல்லுநர் ஒருவர் இலவசமாக வந்து பார்த்து, எங்கே குறை இருக்கிறது என்று சொல்லும் திட்டமும் உண்டு. அவர் அபராதம் விதிப்பதில்லை, அவர் பிரிவு அமலாக்கப் பிரிவிலிருந்து தனியாக இயங்குகிறது, கண்ட கடுமையான ஆபத்துகளைச் சரிசெய்ய வேண்டியது மட்டும் உரிமையாளரின் பொறுப்பு. ‘நான் விதிப்படி இருக்கிறேனா’ என்று அரசிடமே பயமில்லாமல் கேட்க முடிவதுதான் மேலே சொன்ன உறுதியின்மைக்கு நேரான மருந்து.

தண்டனையின் தன்மையும் இதில் சேரும். பதிவேட்டில் ஒரு பத்தியை நிரப்பாமல் விட்டதற்கும் கலப்படத்துக்கும் ஒரே சட்டத்தில் சிறைத் தண்டனை இருந்தால், சிறியவர் இரண்டுக்கும் ஒரே அளவில் பயப்படுவார். இந்தியா 2023இல் நிறைவேற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்தியச் சட்டங்களில் 183 விதிகளைத் திருத்தி, நடைமுறைப் பிழைகள் பலவற்றுக்கு இருந்த சிறைத் தண்டனையை நீக்கியோ அபராதமாக மாற்றியோ அமைத்தது. திசை சரியானது.

விதி மாறும் வேகத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கடினமான விதியைக்கூட ஒருமுறை கற்றுக்கொண்டால் தொழில் அதோடு ஓடிவிடும், மாதத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தால் கற்றது பயனற்றுப் போகும். தொழில்களைப் பாதிக்கும் புதிய விதிகளை ஏப்ரல் 6, அக்டோபர் 1 என்ற இரண்டு பொதுத் தேதிகளில் மட்டும் தொடங்குவது என்ற நடைமுறையைப் பிரிட்டன் கொண்டுவந்தது இதற்காகத்தான். செலவே இல்லாத இந்தச் சீர்திருத்தத்தை எந்த அரசும் நாளைக்கே செய்யலாம்.

கடைசியாக, இதைப் படிப்பவர் தொழில் நடத்துபவராக இருந்தால் அவருக்கு ஒன்று: பல நாடுகளில் வரைவு விதிகள் வெளியாகும்போது கருத்துச் சொல்லச் சில வாரங்கள் கொடுக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 1980இலிருந்தே, சிறு அமைப்புகளின் மீது ஏற்படும் தாக்கத்தை ஆராயாமல் முக்கியமான விதிகளை வெளியிடக் கூடாது என்ற சட்டம் இருக்கிறது. கருத்துச் சொல்லக் கொடுக்கப்படும் அந்த வாரங்களில் வந்து சேரும் கடிதங்களில் பெரும்பாலானவை ‘இது எங்களை அழித்துவிடும்’ என்ற வகையைச் சேர்ந்தவை, அதிகாரி அவற்றை எண்ணிவிட்டு அடுக்கி வைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. இந்த விதியின்படி நான் இந்தத் தகவலைத் தர வேண்டும், இதே தகவல் இன்னொரு துறையிடம் இந்தப் படிவத்தில் ஏற்கெனவே இருக்கிறது, இதைத் தயாரிக்க எனக்கு மாதம் இத்தனை மணி நேரம் ஆகும், இந்தச் சான்றுக்குப் பதிலாக இதை ஏற்றுக்கொண்டால் விதியின் நோக்கம் கெடாது என்று எழுதினால், அதைக் கோப்பில் வைத்து மேலே அனுப்ப அந்த அதிகாரிக்கே ஒரு காரணம் கிடைக்கிறது.